நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடல: பிசிக்ஸ் டெமோ சாமான் மக்கர் பண்ணா எங்க பாக்கணும்

டெமோ ரூம்ல வேலை பாக்குறவங்களுக்கு ஃபோன் வந்தா முதல் வரி பெரும்பாலும் ஒண்ணேதான், "சார், நேத்து நல்லா ஓடுச்சே". அது பொய் இல்ல, நிஜமாவே நேத்து ஓடியிருக்கும். அதனால எது உடைஞ்சுதுன்னு தேட ஆரம்பிக்காம, நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல என்ன மாறுச்சுன்னு கேட்டுக்கிட்டே போங்க, பாதி கேஸ் அங்கயே முடிஞ்சிடும். ஸ்க்ரூடிரைவரை கடைசியா எடுங்க. நான் கெடுத்து வச்ச சாமான்ல முக்காவாசி, நல்லா இருந்ததை திறந்து பாத்து கெடுத்ததுதான்.

கீழ அறிகுறி வாரியா எழுதிருக்கேன். உங்க கேஸ் எதுவோ அங்க நேரா போயிடுங்க.

வான் டி கிராஃப்: மோட்டார் சுத்துது, பெல்ட் ஓடுது, ஸ்பார்க் மட்டும் வரல

வான் டி கிராஃப்னா ஓடுற பெல்ட்ல சார்ஜை ஏத்தி மேல இருக்குற உலோக உருண்டையில (டோம்) சேர்க்குற மெஷின். ஸ்பார்க் வராததுதான் எங்ககிட்ட அதிகமா வர்ற கம்ப்ளைன்ட். காலைல காலி ஹால்ல டெஸ்ட் பண்ணப்போ பளிச்சு பளிச்சுன்னு ஸ்பார்க் அடிச்சுச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு நூறு பேர் வந்து உக்காந்ததும் டோம் ஊமையா நிக்குது. மாறினது என்னன்னா அந்த நூறு பேர்தான். நூறு பேர் விடுற மூச்சுல இருக்குற ஈரம்.

இதுல ஒரு தப்பான விளக்கம் ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு, ஈரக்காத்து கரன்ட்டை கடத்துதுன்னு. இல்லைங்க, ஈரமான காத்தும் நல்ல இன்சுலேட்டர்தான். வில்லன் காத்துல இல்ல, டோமைத் தாங்கி நிக்குற பிளாஸ்டிக் தூண் மேலயும் பெல்ட் மேலயும் கண்ணுக்கே தெரியாம படியுற தண்ணிப் படலத்துல இருக்கான். அந்தப் படலத்துல விரல் ரேகையோட உப்பும் தூசியும் கரைஞ்சா அது ஒரு மெல்லிசு ஒயர் மாதிரி ஆயிடுது.

எவ்வளவு லீக் இருந்தா போதும்னு கணக்குப் போட்டுப் பாத்தா ஆச்சரியமா இருக்கும். கிளாஸ்ரூம் சைஸ் மெஷின்ல பெல்ட் மேல தூக்கிட்டு வர்ற கரன்ட் சில மைக்ரோ ஆம்பியர்தான். டோம் 2 லட்சம் வோல்ட்ல இருக்கு, தூணோட தடை 2,000 கோடி ஓம்னு வச்சுக்குங்க, அப்பவும் 10 மைக்ரோ ஆம்பியர் கீழ ஓடிடும். அதாவது பெல்ட் கொண்டு வர்றது மொத்தமும் காலி. சாதாரண மல்டிமீட்டர்ல இந்தத் தடையை அளந்தா ஓப்பன் சர்க்யூட்னுதான் காட்டும், அதைப் பாத்துட்டு "தூண் நல்லாத்தான் இருக்கு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க.

செய்ய வேண்டியது: ஸ்விட்ச் ஆஃப், பிளக்கை வெளிய உருவுங்க, டிஸ்சார்ஜ் ராடால (எர்த்தோட இணைச்ச கம்பி) டோமை ஒரு தடவை தொட்டுட்டு அப்புறம் டோமைத் தூக்குங்க. தூணை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைச்ச பஞ்சில்லாத துணியால மேல இருந்து கீழ வரைக்கும் துடைங்க. துடைச்சப்புறம் வெறுங்கையால தூணைத் தொடாதீங்க, தொட்டா துடைச்சதே வேஸ்ட். ஆல்கஹால் முழுசா ஆவியானதும் ஹேர் டிரையர் எடுத்து தூண், பெல்ட் ரெண்டையும் கொஞ்சம் சூடு பண்ணுங்க. பெல்ட்டை கையால மெதுவா சுத்திக்கிட்டே காட்டணும், ஒரே இடத்துல காட்டினா ரப்பர் இளகிடும். ஆல்கஹால் காயறதுக்கு முன்னாடி டிரையரையோ மெஷினையோ ஆன் பண்ணவே கூடாது, அது தீப்புடிக்கிற சமாச்சாரம். கிளாஸ் ஆரம்பிக்க அஞ்சு நிமிஷம் முன்னாடி, பசங்க உக்காந்தப்புறம், இன்னொரு தடவை டிரையர் காட்டுங்க. காலைல காட்டினது காலையோட போச்சு.

அப்படியும் வரலையா? ஹால்ல லைட்டை முழுசா அணைங்க, ஒரு ரெண்டு நிமிஷம் கண்ணை இருட்டுக்குப் பழக விடுங்க, அப்புறம் மெஷினை ஓட்டுங்க. எங்கயாவது ஊதா கலர்ல மெல்லிசா ஒரு பளபளப்பு தெரியும், காதை வச்சா உஸ்ஸ்னு சத்தமும் கேக்கும். சார்ஜ் அந்த இடத்துலதான் ஒழுகுது. டோம் மேல ஒட்டின ஒரே ஒரு நூல் இழை போதும், அந்த முனையில மின்புலம் எகிறி, காத்து இன்சுலேட்டரா நிக்க முடியாம கடத்த ஆரம்பிச்சிடும் (இதைத்தான் பிரேக்டவுன்னு சொல்றது). ஒரு தடவை டோமோட கீழ் விளிம்புல கண்ணுக்குத் தெரியாத சின்ன நசுங்கல் ஒண்ணு இருந்துச்சு, பகல்ல நாலு பேர் தடவித் தடவிப் பாத்தும் புடிபடல, லைட்டை அணைச்ச மாத்திரத்துல மாட்டுச்சு. பக்கத்துல மைக் ஸ்டாண்ட், டேபிளோட இரும்பு ஓரம், புரொஜெக்டர் கேபிள் இதெல்லாம் இருந்தாலும் இதே கதைதான், ஒரு மீட்டருக்கு மேல தள்ளி வைங்க.

அடுத்து சீப்பு, பெல்ட்டுல சார்ஜை ஏத்தி இறக்குறது இதுதான். பெல்ட்டுக்கு மேலயும் கீழயும் கம்பி சீப்பு மாதிரி ஒண்ணு இருக்கும், அது பெல்ட்டைத் தொடக்கூடாது, ரொம்ப தள்ளியும் இருக்கக்கூடாது, ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளி. கீழ் சீப்புல தூசி பந்தா சேர்ந்திருக்கும், அதை எடுங்க. அப்புறம் அடிப்பாகத்துல எர்த் ஒயர் கழண்டிருக்கான்னு பாருங்க, சார்ஜ் வர்றதுக்கு கீழ ஒரு வழி வேணும்ல.

பெல்ட்டுக்கு வழுக்காம இருக்க பவுடர், ஸ்ப்ரே எதாவது போடலாமான்னு கேப்பாங்க. வேண்டாம். அது பெல்ட்டைக் கெடுக்கும், ரோலரையும் கெடுக்கும். விரிசல் விட்டு மினுமினுக்குற பெல்ட்னா மாத்திடுங்க, பேச்சே இல்ல.

ஸ்பார்க் வருது ஆனா சின்னதா வருதுன்னா எவ்வளவு எதிர்பாக்கலாம்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். காத்து பிரேக்டவுன் ஆகுறது மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்ல, அதனால 10 சென்டிமீட்டர் ஆரம் உள்ள டோம் எவ்வளவு பெர்ஃபெக்டா இருந்தாலும் 3 லட்சம் வோல்ட்டைத் தாண்டாது. பெட்டி மேல போட்டிருக்குற நம்பர் அந்த உச்சவரம்பு, தினமும் கிடைக்கிற அளவு இல்ல.

டோமைத் தொட்டுக்கிட்டு நிக்குற ஆளோட தலைமுடி நிக்கலன்னா மெஷினைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஆளைப் பாருங்க. எண்ணெய், ஜெல், கண்டிஷனர் போட்ட முடி எழும்பாது, மெல்லிசா காய்ஞ்ச முடி வேணும். ஆள் ஏறி நிக்குற இன்சுலேட்டர் ஸ்டூலோட காலு ஈரத் தரையில நிக்குதான்னும் பாருங்க. கையை டோம் மேல வச்சப்புறம்தான் மோட்டாரை ஆன் பண்ணணும், மாத்திப் பண்ணா பையன் அலறுவான். பேஸ்மேக்கர் வச்சிருக்குறவங்க கிட்டயே வரக்கூடாது, இதைக் கிளாஸ் ஆரம்பத்துலயே சத்தமா சொல்லிடுங்க.

ஃபோட்டோ எலக்ட்ரிக் டெமோ: ஜிங்க் பிளேட் மேல யூவி அடிச்சும் எலக்ட்ரோஸ்கோப் இலை இறங்கல

ஒளி பட்டு உலோகத்துல இருந்து எலக்ட்ரான் வெளிய வர்றதுதான் ஃபோட்டோ எலக்ட்ரிக் எஃபெக்ட். எலக்ட்ரோஸ்கோப்னா சார்ஜ் இருந்தா இலை விரியுற, சார்ஜ் போனா இலை இறங்குற கருவி, ஜிங்க் பிளேட் அதுக்கு மேல இருக்கும். இலை இறங்காததுக்கு மூணு காரணம், மூணுமே நான் சொந்தமா பண்ண தப்பு.

முதல் தப்பு லாம்ப். யூவின்னு எழுதியிருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சுட்டேன். ஜிங்க்ல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 4.3 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் ஆற்றல் வேணும். நோட்டு செக் பண்ற கருப்பு லைட் 365 நானோமீட்டர், அதோட ஒரு ஃபோட்டான்ல (ஒளித் துகள்ல) இருக்குறது 3.4தான். எத்தனை லாம்ப்பை அடுக்கினாலும், எவ்வளவு கிட்ட வச்சாலும் அசையாது, அதுதானே பாடமே! மெர்க்குரி லாம்ப்போட 254 நானோமீட்டர் கோடு வேணும், அதுல 4.9 இருக்கு. லாம்ப் சரியா இருந்தும் முன்னாடி சாதாரண கண்ணாடி இருந்தா அது 254-ஐ முழுங்கிடும், குவார்ட்ஸ் உறைதான் விடும். இந்த லைட் கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது, கூட்டத்தைப் பாத்துத் திருப்பாதீங்க, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்குங்க, வேலை முடிஞ்சதும் அணைங்க.

ரெண்டாவது பிளேட். ஜிங்க் மேல ஆக்சைடு படிஞ்சு சாம்பல் பூத்திருக்கும். நைஸ் எமரி பேப்பரால பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ங்க, கிளாஸ் அன்னைக்கே தேய்ங்க. போன வாரம் தேய்ச்சது கணக்குல வராது.

மூணாவதுதான் ரொம்ப மானத்தை வாங்குறது. பிவிசி பைப்பை கம்பளியில தேய்ச்சா பைப்புக்கு நெகட்டிவ் சார்ஜ். அதை பிளேட்ல தொட்டுத் தேய்ச்சா பிளேட்டுக்கும் நெகட்டிவ், நமக்கு வேண்டியது அதுதான். ஆனா நான் அழகா இண்டக்‌ஷன்ல சார்ஜ் பண்ணிக் காட்டலாம்னு பைப்பைக் கிட்ட கொண்டு போயி, பிளேட்டை விரலால தொட்டு, விரலை எடுத்து, பைப்பை எடுத்தேன். இலை கம்பீரமா விரிஞ்சு நின்னுச்சு. லாம்ப்பை அடிச்சா அப்படியே நிக்குது. பத்து நிமிஷம் லாம்ப்பை ஆட்டி ஆட்டிப் பாத்தோம், பாடம் நடத்துற மேடம் என்னையே பாக்குறாங்க. இண்டக்‌ஷன்ல சார்ஜ் பண்ணா எதிர் சார்ஜ்தான் வரும், பிளேட் பாசிட்டிவா இருந்திருக்கு, வெளிய வர்ற எலக்ட்ரானைத் திரும்ப இழுத்துக்கிட்டே இருந்திருக்கு. பின் பெஞ்ச்ல இருந்து ஒரு பொண்ணு "சார், அது பாசிட்டிவா இருக்குமோ?"ன்னு கேட்டப்பதான் உறைச்சுச்சு.

இதுக்கு நேர் மாறான அறிகுறியும் உண்டு, லாம்ப் அடிக்காமலேயே இலை இறங்குது. அது லீக், வேற ஒண்ணும் இல்ல. எலக்ட்ரோஸ்கோப் கழுத்துல இருக்குற இன்சுலேட்டரை ஆல்கஹாலால துடைச்சு சூடு காட்டுங்க. வாயால ஊதித் தூசி தட்டுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, ஊதினதும் இலை பொத்துன்னு விழும். சரியானதுக்கு அடையாளம் என்னன்னா, நெகட்டிவ் சார்ஜ், லாம்ப் ஆன், நடுவுல கண்ணாடித் தகடு வச்சா இலை நிக்கணும், கண்ணாடியை எடுத்தா இறங்கணும். கண்ணாடி இருக்கும்போதும் இறங்கினா நீங்க காட்டுறது ஃபோட்டோ எலக்ட்ரிக் எஃபெக்ட் இல்ல, ஒழுகுற இன்சுலேட்டர்.

மல்டிமீட்டர்: வோல்டேஜ் சரியா காட்டுது, கரன்ட் எப்பவும் சைபர்

ஃப்யூஸ் போயிடுச்சு. யோசிக்கவே வேண்டாம். யாரோ கரன்ட் அளந்துட்டு சிவப்பு லீடை அந்த சாக்கெட்டுலயே விட்டுட்டாங்க, அடுத்த ஆள் அப்படியே பவர் சப்ளை குறுக்க வச்சு வோல்டேஜ் பாத்திருக்கார். கரன்ட் சாக்கெட்னா மீட்டரோட உள்தடை ரொம்பக் கம்மி, கிட்டத்தட்ட ஷார்ட், ஃப்யூஸ் தன் கடமையைச் செஞ்சுட்டு செத்துப் போச்சு. வோல்டேஜ் பக்கத்துக்கு அந்த ஃப்யூஸ் சம்பந்தமே இல்லாததால மீட்டர் நல்லா இருக்குற மாதிரியே நடிக்கும், அதனாலதான் செமஸ்டர் பூரா ஒருத்தருக்கும் தெரியாம அது டிராயர்ல கிடக்கும்.

திறக்காமலே கண்டுபிடிக்கலாம். மீட்டரை ஓம் ரேஞ்ச்ல வைங்க, சிவப்பு லீடை வோல்ட்-ஓம் சாக்கெட்டுல சொருகி அதோட முனையை மில்லி ஆம்பியர் சாக்கெட்டுக்குள்ள விடுங்க. நிறைய மாடல்ல சில ஓம் காட்டினா ஃப்யூஸ் உயிரோட இருக்கு, ஓப்பன்னு காட்டினா போயிடுச்சு. மாத்தும்போது அதே ரேட்டிங், அதே ரகம் போடுங்க. ஃபாயில் சுத்தி வைக்கிற ஐடியா யாராவது சொன்னா, அந்த ஆள்கிட்ட மீட்டரையே கொடுக்காதீங்க.

ஆசிலோஸ்கோப்: திரையில ஒண்ணுமே இல்ல, இல்ல கண்டபடி ஓடுது

ஆசிலோஸ்கோப்னா மின் சிக்னலைத் திரையில கோடா வரையுற கருவி. கோடே இல்லன்னா டிரிகரை (எப்போ வரைய ஆரம்பிக்கணும்னு தீர்மானிக்குறது) ஆட்டோவுக்கு மாத்துங்க, நார்மல்ல இருந்தா சிக்னல் வராத வரைக்கும் அது கம்முன்னுதான் இருக்கும். இன்புட் கிரவுண்டுல நிக்குதான்னு பாருங்க, பொசிஷன் குமிழைத் திருகி கோட்டைத் திரைக்கு வெளிய யாரும் தள்ளிடலயான்னும் பாருங்க.

அளவு பத்துல ஒரு பங்கா வந்தா புரோப் (சர்க்யூட்டைத் தொட்டு அளக்குற ஒயர்) மேல இருக்குற சின்ன ஸ்விட்சும் ஸ்கோப் மெனுவும் ஒத்துப் போகல, அவ்வளவுதான். ஸ்கொயர் வேவ் முனை மழுங்கியோ கொம்பு முளைச்சோ தெரிஞ்சா, ஸ்கோப் முகத்துலயே இருக்குற 1 கிலோஹெர்ட்ஸ் கொக்கியில புரோப்பை மாட்டி, புரோப்ல இருக்குற சின்ன திருகை சமதளமா வர்ற வரைக்கும் திருப்புங்க.

கிளிப்பை மாட்டினதும் டப்புன்னு பிரேக்கர் விழுந்தா, இல்ல சர்க்யூட்டே செத்துட்டா, இது மட்டும் சீரியஸ். மெயின்ஸ்ல ஓடுற ஸ்கோப்போட கருப்பு கிளிப் நேரா பில்டிங் எர்த்துக்குப் போகுது. எல்லா சேனலோட கிளிப்பும் உள்ளுக்குள்ள ஒண்ணு. அதை சர்க்யூட்ல நடுவுல எங்கயாவது மாட்டினா அந்தப் புள்ளியை எர்த்தோட ஷார்ட் பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். ரெண்டு சேனல் வச்சு ரெண்டு புள்ளியையும் அளந்து கழிச்சுக்குங்க. ஸ்கோப்போட எர்த் பின்னை வெட்டி "மிதக்க விடுற" வைத்தியம் சில லேப்ல பரம்பரையா நடக்குது, அதைத் தயவுசெஞ்சு பண்ணாதீங்க, பெட்டியோட உடம்பு முழுக்க லைவ் ஆயிடும்.

ஏர் டிராக்: கிளைடர் தானா நகருது

ஏர் டிராக்னா புளோயர் ஊதி துளைகள் வழியா வர்ற காத்து மேல கிளைடர்ங்கிற வண்டி உரசாம மிதந்து ஓடுற தண்டவாளம். ரசமட்டம் வச்சுப் பாத்தேன் சார், சரியாத்தான் இருக்குன்னு சொல்வாங்க. ரசமட்டம் பத்தாது. தாங்குற கால் ரெண்டும் 1 மீட்டர் தள்ளி இருக்கு, ஒண்ணு 1 மில்லிமீட்டர் ஒசந்திருந்தாக்கூட கிளைடர் 10 செகண்ட்ல கிட்டத்தட்ட அரை மீட்டர் போயிடும். அதனால கிளைடரையே ரசமட்டமா பயன்படுத்திக்குங்க, நடுவுல விட்டுட்டு அசையாம நிக்கிற வரைக்கும் கால் திருகைத் திருப்புங்க.

எவ்வளவு திருப்பினாலும் ஒத்து வரலன்னா கிளைடரை முன்பின்னா திருப்பிப் போடுங்க. அப்பவும் அதே பக்கம் போனா டிராக் சாய்வு. பக்கம் மாறினா கோளாறு கிளைடர்ல, எங்கயோ வளைஞ்சிருக்கு, காத்து ஒரு பக்கமாத் தப்பிக்குது. ரெண்டு முனையில விட்டாலும் நடுவுக்கே வந்து சேர்ந்தா டிராக் நடுவுல தொய்ஞ்சிருக்கு, நடுத் தாங்கலை ஏத்தணும்.

ஒரே இடத்துல உரசி நிக்குதுன்னா அங்க துளை அடைச்சிருக்கு. விரலை மெதுவா மேல ஓட்டிட்டுப் போங்க, காத்து வராத துளை தெரியும், துளையைவிட மெல்லிசான கம்பியால குத்துங்க, பெருசாக்கிடாதீங்க. பெரும்பாலும் செலோ டேப் பசைதான் இருக்கும், யாரோ டிராக் மேல அளவு ஒட்டியிருப்பாங்க. புளோயர் ஓடாதப்போ கிளைடரைத் தள்ளி விளையாடினா கீறல் விழும், அந்தக் கீறல் போகாது.

சின்னச் சின்னதா சில

ஃபோட்டோகேட் (இன்ஃப்ரா ரெட் கதிர் மறையுறதை வச்சு எண்ணுற சென்சார்) தாறுமாறா எண்ணுதுன்னா ஜன்னல் வெயில் நேரா சென்சார் மேல விழுதான்னு பாருங்க, சூரிய ஒளியில இன்ஃப்ரா ரெட் ஏகத்துக்கு இருக்கு. திரையை இழுத்து விட்டா சரியாயிடும்.

ஜம்பிங் ரிங் (ஏசி ஓடுற காயில் மேல வச்ச உலோக வளையம் எகிறுற டெமோ) துள்ளலன்னா யாரோ டிசி சப்ளைல மாட்டியிருப்பாங்க, ஆன் பண்ணும்போது லேசா ஒரு துள்ளு மட்டும் இருக்கும். இல்லன்னா வெட்டு விழுந்த வளையத்தை எடுத்துட்டு வந்திருப்பாங்க, அது துள்ளவே கூடாதுன்னு காட்டுறதுக்காக வச்சிருக்குறது! காயிலை சில செகண்டுக்கு மேல ஆன்ல வைக்காதீங்க, சூடு ஏறிடும்.

பெல் ஜார்ல காத்தை எடுத்தும் மணிச் சத்தம் கேக்குதுன்னா கேஜைப் பாருங்க. பிரஷர் இறங்கியிருந்தா சத்தம் தாங்கற கம்பி வழியா வருது, ரப்பர் பேண்டுல தொங்கவிடுங்க. இறங்கலன்னா ஜார் விளிம்புல ஒரு முடியோ தூசியோ இருக்கும், துடைச்சு கிரீஸ் புதுசாப் போடுங்க. பம்ப் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு, மாத்தணும்.

ரெட்டைப் பிளவு பேட்டர்ன் (ரெண்டு சின்னப் பிளவு வழியா லேசர் போயி சுவர்ல விழுற கோடுகள்) பின் பெஞ்சுக்குத் தெரியலன்னா தூரத்தைக் கூட்டுங்க. பிளவு இடைவெளி 0.25 மில்லிமீட்டர், ஹீலியம் நியான் லேசர் 632.8 நானோமீட்டர், சுவர் 4 மீட்டர்ல இருந்தா ஒவ்வொரு கோட்டுக்கும் 1 சென்டிமீட்டர் இடைவெளி, 1 மீட்டர்ல வச்சா இரண்டரை மில்லிமீட்டர்தான். பேட்டர்னே கலங்கலா இருந்தா ஸ்லைடுல கை ரேகை. லேசர் எரியலன்னா பின்னாடி சாவியும் இன்டர்லாக் பிளக்கும் பாருங்க, அதோட நிறுத்திக்குங்க. ஹீலியம் நியான் சப்ளை பெட்டிக்குள்ள ஆயிரக்கணக்குல வோல்ட் நிக்கும், பிளக்கைப் புடுங்கினப்புறமும் நிக்கும்.

ஸ்பெக்ட்ரம் டியூப் (வாயு அடைச்ச, கரன்ட் விட்டா ஒளிருற குழாய்) வர வர மங்குதுன்னா கிளாஸ் முழுக்க எரியவிட்டிருப்பீங்க. அரை நிமிஷம் எரியணும், அரை நிமிஷம் ஆறணும்.

எல்லாத்தையும் துடைச்சாச்சு, மாத்தியாச்சு, ஆனாலும் திடீர்னு ஓட மாட்டேங்குது

எங்ககிட்ட ஒரு எலக்ட்ரோஸ்கோப் இருந்துச்சு, இலை ரொம்பச் சின்னது, பின் பெஞ்சுக்குத் தெரியாதுன்னு பின்னாடி ஒரு பழைய ஹாலஜன் லாம்ப் வச்சு நிழலைச் சுவர்ல பெருசா விழ வைப்போம். வருஷக்கணக்கா ஒரு கம்ப்ளைன்ட் இல்ல. திடீர்னு ஒரு செமஸ்டர்ல மழை பெய்யுற நாளெல்லாம் இலை நிக்கவே மாட்டேங்குது. இன்சுலேட்டரைத் துடைச்சோம், புது இன்சுலேட்டர் போட்டோம், கம்பளியை மாத்தினோம், ஒண்ணும் நடக்கல. சாமானையே கழிச்சுக் கட்டிடலாம்னு லிஸ்ட்லகூட எழுதியாச்சு.

கடைசியில ரிப்பேர் நோட்டைப் புரட்டினப்போ அந்த செமஸ்டர் ஆரம்பத்துல நானே என் கையெழுத்துல எழுதி வச்சிருக்கேன், "நிழல் லாம்ப் எல்இடிக்கு மாத்தியாச்சு". அந்த ஹாலஜன் நிழல் மட்டும் விழ வைக்கல, பக்கத்துல உக்காந்து இத்தனை வருஷமா இன்சுலேட்டரைக் காய வச்சுக்கிட்டும் இருந்திருக்கு. பழைய லாம்ப்பை பரண்ல இருந்து எடுத்து மாட்டினோம், கால் மணி நேரத்துல இலை நின்னுச்சு. இப்போ அந்த லாம்ப் ஸ்டாண்டுல ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன்: இதை எல்இடிக்கு மாத்தாதீங்க, காரணம் வேணும்னா என்னைக் கூப்பிடுங்க.